செவ்வாய் மட்டும் நாலு முப்பத்திரண்டு

அத்தியாயம் 5

கதவை வெளியிலிருந்து பூட்டிய சத்தம் கேட்டபோது மணி இரண்டு ஐம்பது.

"மேடம், நாம துப்பறிய வந்தோமா, உள்ள போக வந்தோமா?" என்று கேட்டேன்.

"இங்க ரெண்டுக்கும் ஒரே வாசல்தான். பேசாம உக்காரு ஜோன்ஸ்" என்றார் ஷ்யாமளா மேடம்.

மேடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். ரிடையர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ரூம் பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டார். மாமி என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது. நான் தாராவிக்காரன், அந்த நிலையத்தின் ஒரே சிப்பந்தி. ஸ்கூட்டர் ஓட்டுவது, படியேறுவது, அடி வாங்குவது என் இலாகா. யோசிப்பது அவர் இலாகா.

நாங்கள் அடைபட்டிருந்தது செம்பூரில், ஹோட்டல் மயூர்கிரியின் தரைக்குக் கீழே இருந்த ரிசர்வேஷன் அறை. ஜன்னல் கிடையாது. மூன்று நாற்காலி, ஒரு மேஜை, கம்ப்யூட்டர், டெலிபோன், சுவர்க் கடிகாரம். ஜெனரல் மானேஜர் ஜம்பு எங்கள் மொபைல்களை வாங்கி வைத்துக்கொண்டார். டெலிபோனையும் மேலே ரிசப்ஷனுக்குத் திருப்பிவிட்டிருந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் டைம். அந்தப் பொண்ணோட அம்மா கேட்டில நின்னு அழறாங்களேன்னுதான் உங்களை உள்ளே விட்டேன். அஞ்சு மணிக்கு முன்னாடி யாரும் வெளியே போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டினார்.

மேடம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "சுனிதாவோட லாகினை மட்டும் மூடிடாதேங்கோ. அஞ்சு மணி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சுனிதா மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். இருபத்து நான்கு வயது. மாட்டுங்கா லேபர் கேம்ப் பெண். இந்த ஹோட்டலின் ரிசர்வேஷன் கிளார்க். காலை பதினோரு மணியிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் முன்னால் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள். 'சுனிதா மிக்கேல்ராஜ் ஆகிய நான், ஹோட்டலுக்குத் தெரியாமல் அறைகளை வெளி ஏஜென்ட்டுக்கு விட்டுக்கொடுத்தேன்' என்று ஆரம்பித்து, மன்னிப்பில் முடிந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டா போலீஸ் கெடையாது, வீட்டுக்குப் போலாம்னாங்க மேடம். போடலன்னா அஞ்சு மணிக்கு போலீஸ். போட்டா ஆயுசுக்கும் நான் சோர், திருடி. எந்த ஹோட்டல்ல எனக்கு வேலை குடுப்பான்? போடலன்னா லாக்கப். எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான்." அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

வாசலில் அவளுடைய அம்மா ஏஞ்சலம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எம்புள்ளயக் கூட்டிட்டுத்தான் நீ வெளிய வரணும், கேட்டியா" என்று சொல்லியிருந்தாள். அவளோடு சேர்த்து என்னையும் பூட்டியதால், அந்த விஷயத்தில் ஜம்பு எனக்கு வேறு வழியே வைக்கவில்லை.

"தாளை அப்படியே வெச்சுடு. பேனாவைத் தொடாதே" என்றார் மேடம். "இப்போ சொல்லு. என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணுமே காணாமப் போகல மேடம். அதான் லஃப்டா, வம்பே."

அவள் சொன்னது இதுதான். ஹோட்டலில் தொண்ணூறு அறைகள். முன்னாலேயே புக் செய்கிறவர்களுக்கு விலை மலிவு. கடைசி நேரத்தில் போன் செய்கிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர்கள், பிளைட் கேன்சல் ஆனவர்கள். அவர்களுக்காக தினமும் ஒன்பது அறைகளை விற்காமல் சாயங்காலம் ஏழு மணி வரை எடுத்து வைப்பார்கள். ஏழுக்கும் ஆள் வராவிட்டால்தான் மலிவு விலையில் இன்டர்நெட்டில் விடவேண்டும்.

"தட்கால் கோட்டா மாதிரி" என்றேன்.

"அதேதான் அண்ணா. ஆனா பதினோரு வாரமா, சண்டே தவிர, தினம் நாலு மணிக்கே யாரோ ஒம்பதையும் ரிலீஸ் பண்ணுறாங்க. ரெண்டே நிமிஷத்துல நாணுன்னு ஒரு ஏஜென்ட் எல்லாத்தையும் அள்ளிடுறான். அப்புறம் கடைசி நேரத்துல வர்றவங்ககிட்ட டபுள் ரேட்டுக்கு அவனே விக்கிறான். ரிலீஸ் பண்ணுனது என் லாகின்ல. சண்டே எனக்கு லீவு. நாலு மணிக்கு நான் இந்த ரூம்ல தனியா இருப்பேன். என்னத்தச் சொல்லி நம்ப வைப்பேன்?"

"உன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். இங்க எல்லாருக்கும் பேரும் பொறந்த வருஷமும்தான் பாஸ்வேர்ட்."

"எந்த மெஷின்லேர்ந்து பண்ணினான்னு காட்டாதா?"

"பழைய சாஃப்ட்வேர் மேடம். லாகின் பேரும் டைமும் மட்டும் விழும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லாஸ்ட் மினிட்ல ஒருத்தர் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஆபரேஷன், ஒரு ரூம் குடும்மான்னு கெஞ்சினாரு. ஃபுல் சார்னு சொன்னேன். தெனம் இதே பொழப்பு. அந்த ரூமுக்கு நான்தான் சோர்னு இப்போ சொல்றாங்க."

ஜம்பு கொடுத்துவிட்டுப் போன பிரிண்டை மேடம் மேஜையில் விரித்தார். பதினோரு வாரத்து ரிலீஸ் நேரங்கள். நாலு, நாலு ஒன்று, நாலு. ஷிப்ட் மாறுகிற நேரம். ரிசப்ஷனில் யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள். மேடத்தின் விரல் ஓர் இடத்தில் நின்றது. அப்புறம் ஆறு வரி இறங்கி, மறுபடி நின்றது.

"செவ்வாய்க்கிழமையைப் பாரு."

பார்த்தேன். நாலு முப்பத்திரண்டு. நாலு முப்பத்தொன்று. நாலு முப்பத்து மூன்று. பதினோரு செவ்வாயும் அப்படியே. மற்ற நாளில் ஒன்றுகூட நாலு ஐந்தைத் தாண்டவில்லை.

"செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயில் கூட்டம் மேடம். லோக்கல் லேட்டாயிருக்கும்."

"பதினோரு வாரமும் கரெக்டா அரை மணி லேட்டாற ரயில் இந்த ஊர்ல ஓடினதா எனக்கு ஞாபகம் இல்லை. இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"பேஷ்" என்று சொல்லிவிட்டு, செருப்பு வார் அறுந்துவிட்டது போல மேஜைக்கு அடியில் குனிந்தார். எழுந்தபோது கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் மூன்று ஐந்து. அறை முன்னைவிட அமைதியாகிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. பயத்தில் காது அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார்: 'இந்த அறைகள் போன விஷயத்தில் எனக்குச் சம்பந்தமில்லை.' கீழே மூன்று கட்டம் போட்டார். பெயர், கையெழுத்து, நேரம்.

கதவைத் தட்டி ஜம்புவைக் கூப்பிட்டோம். அந்த சாஃப்ட்வேரில் கைவைக்கக்கூடியவர்கள் சுனிதாவைத் தவிர மூன்று பேர்தான். ஜம்பு, ரெவின்யூ மானேஜர் வெங்கடேஸ்வரன், ஃப்ரன்ட் ஆபீஸ் மானேஜர் கண்ணா. ஜம்பு தாளைப் படித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, "டைம் நீங்களே போட்டுக்குங்க" என்று போய்விட்டார்.

அடுத்து வெங்கடேஸ்வரன் வந்தார். மாட்டுங்காக்காரர், நெற்றி நிறைய விபூதி. எத்தனை அறையை எடுத்து வைப்பது என்று கணக்குப் போடுவது அவர்தான்.

"கூட வெச்சா காலியாக் கிடக்கும், கொறைச்சு வெச்சா கடைசில வர்றவாளைத் திருப்பி அனுப்பணும். முப்பது வருஷமா இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னுண்டிருக்கேன்" என்றார். தாளைப் பார்த்ததும் வாட்சைப் பார்த்தார். "இப்பவே குடுங்கோ, போட்டுடறேன். எல்லாத்தையும் நாலு மணிக்கு முன்னாடி முடிச்சுடுங்கோ. அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணும் நீட்டாதேங்கோ. நான் எதையும் தொடமாட்டேன்."

மூன்று இருபத்திரண்டு என்று நேரம் எழுதிக் கையெழுத்திட்டார். கதவு மூடியதும் நான் மேடத்தின் காதில், "ஆளு இவர்தான். நாலு மணின்னு வாயிலயே வந்துட்டுலா" என்றேன்.

மூன்றரைக்குக் கண்ணா வந்தார். காட்கோபரிலிருந்து வருகிறவர். நாள் முழுக்க அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியது இவர் ஒருவர்தான் என்று சுனிதா சொன்னாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மெதுவடையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். போலீஸ் வேண்டாம், ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு போகட்டும் என்று ஜம்புவிடம் பேசி அந்தத் தாளை டைப் அடித்ததும் அவரேதானாம்.

"சாப்பிடும்மா. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. சின்ன வயசு, எல்லாம் மறந்துடும்" என்றார். மேடம் தாளை நீட்டியதும், "ஷிப்ட் மாறுற நேரம், கீழ மேல ஓடணும். கொஞ்சம் கழிச்சு வந்து போட்டுடறேனே" என்று கிளம்பிவிட்டார்.

சுனிதா வடையைத் தொடவில்லை. அவள் சார்பில் நான் சாப்பிட்டேன். அறையில் குப்பைத்தொட்டி இல்லாததால், கை துடைத்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கிழித்த தினசரிக் காலண்டர் தாள். தாராவித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், எழுத்து என்று ஒன்று கிடைத்தால் விடமாட்டேன். என் ராசி எதுவென்று எனக்குத் தெரியாது. அதனால் பன்னிரண்டையும் படித்தேன். நாலு ராசிக்கு நஷ்டம், ஒன்றுக்குப் பயணம்.

"உங்களுக்குத் தமிழ் வாசிக்க வருமா அண்ணா? நான் பேசுறதோட சரி" என்றாள் சுனிதா. அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்தது அப்போதுதான். தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

நாலு பத்துக்குக் கண்ணா டீ கொண்டுவந்தார். மேடம் மறுபடி தாளை நீட்டினார். "கை ஈரம் மேடம், இதோ வந்துடறேன்" என்றார். நாலு முப்பத்தாறுக்கு அவரே தேடிக்கொண்டு வந்து, பேனாவைக் கேட்டு வாங்கி, பளிச்சென்று கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதினார்.

மேடம் அந்தத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபத்து நாலு நிமிஷம். எங்கள் கையில் இருந்தது மூன்று கையெழுத்தும் ஒரு எண்ணெய்க் காகிதமும்தான். கூரை வரவரத் தாழ்ந்துகொண்டே வருகிற மாதிரி இருந்தது. சுனிதா உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

நாலே முக்காலுக்குக் கதவு படாரென்று திறந்தது. ஜம்பு நின்றார். பின்னால் வெங்கடேஸ்வரனும் கண்ணாவும். ஜம்பு ஒரு பிரிண்டை மேஜையில் வீசினார்.

"நாலு முப்பத்திரண்டு. இன்னைக்கும். அதே லாகின், அதே நாணு. நான் பூட்டி வெச்சிருந்த ரூம்ல, இந்த மெஷின்ல உக்காந்துக்கிட்டு, என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கா. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல காவலா? லாகினை மூடாதேங்கன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். கம்ப்ளெயின்ட்ல மூணு பேரையும் எழுதறேன்."

சுனிதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். காப்பாற்ற வந்த இடத்தில் நாங்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம். வாசலில் நிற்கிற ஏஞ்சலம்மாளுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மேடம் கைப்பையைத் திறந்து, கறுப்பாக ஒரு தடித்த ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன?" என்றார் ஜம்பு.

"இந்தக் கம்ப்யூட்டரோட கரண்ட் ஒயர். மூணு அஞ்சுலேர்ந்து என் பையிலதான் இருக்கு. கரண்டே இல்லாத மெஷின்ல உக்காந்து ரூம் விக்கறதுக்கு இவளுக்கு ஏதாவது வரம் கிடைச்சிருக்கணும். வேணும்னா குனிஞ்சு பாருங்கோ."

ஜம்பு குனிந்து பார்த்தார். எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது. "அப்போ யார்?"

"வெங்கடேஸ்வரன் சார்தான்" என்று நான் முந்திக்கொண்டேன். "நாலு மணிக்கு மேல எதையும் தொடமாட்டேன்னு எங்ககிட்டயே சொன்னாவ."

"தப்பு. தொடமாட்டார், அதனாலதான் அவர் இல்லை" என்றார் மேடம். "உன் சட்டைப்பையில இருக்கற தாளை எடு. அதுல ராகு காலம்னு என்ன போட்டிருக்கு?"

"எங்க சர்ச்சுல ராகு காலம் கெடையாது மேடம். பாஸ்டர் பிரசங்கம்தான் ஒன்றரை மணி நேரம்." எடுத்துப் படித்தேன். "ஏழரை, ஒம்பது."

"அது திங்கள். ஊர்லேர்ந்து வர்ற அதே காலண்டர்ல செவ்வாய்க்கு மூணு டு நாலரை. ஜம்பு சார், தினம் நாலு மணிக்குக் கை வெக்கறவன் செவ்வாய்க்கிழமை மட்டும் நாலரை தாண்டற வரைக்கும் காத்திண்டிருக்கான். சுனிதாவுக்கு ராகு காலமும் தெரியாது, அந்தக் காலண்டரைப் படிக்கவும் தெரியாது."

"ராகு காலம் பாக்கறவர்னா..." ஜம்புவின் பார்வை நேராக விபூதி நெற்றிக்குப் போனது.

"நானா?" வெங்கடேஸ்வரன் மெய்யாகவே புண்பட்டுப்போனார். "சூரியன் எல்லா ஊர்லயும் ஆறு மணிக்கு உதிக்கறதுன்னு வெச்சுண்டு போட்ட கணக்கு அது. அதையா நான் பாப்பேன்? பம்பாய்ப் பஞ்சாங்கப்படி இன்னிக்கு மூணு அம்பத்தஞ்சுலேர்ந்து அஞ்சு முப்பத்தொண்ணு. நாலு முப்பத்திரண்டுக்கு நான் பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டேன்."

"அதனாலதான் மூணு இருபத்திரண்டுக்கே அவசரமாப் போட்டார்" என்று மேடம் கையெழுத்துத் தாளை விரித்தார். "காலண்டர்படி அது ராகு காலம். அவருக்கு இல்லை. மூணரைக்கும் நாலு பத்துக்கும் போடாம, நாலு முப்பத்தாறுக்குத் தேடிண்டு வந்து போட்டவர் யார்னு நீங்களே பாருங்கோ. பாவம், ராகு காலம் முடியட்டும்னு பதினோரு வாரம் காத்திண்டு, நட்டநடு ராகு காலத்துல கை வெச்சிருக்கார்."

கண்ணா அதற்குள் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார்.

"பூட்டுங்கோ சார்" என்றார் மேடம். "இந்தத் தடவை உள்பக்கமா."

ஜம்பு பூட்டினார். கண்ணா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு வேணாம்னு நாணுகிட்ட கெஞ்சினேன் சார். ஆறு ரூமை அவன் முன்னாடியே வித்துட்டான். ஆளுங்க ஆறு மணிக்குப் பெட்டியோட வந்து நிப்பாங்க. ரூம் இல்லேன்னா அங்கேயே என் பேர் வந்துடும். பண்ணினாலும் மாட்டுவேன், பண்ணாட்டியும் மாட்டுவேன். இந்தப் பொண்ணு இதே மெஷின் முன்னாடி இருக்காளேன்னு நினைச்சேன்."

காலையிலிருந்து அவளுக்கு ஆறுதல் சொல்லி, வடை கொடுத்து, அவளுடைய கழுத்துக்குக் கயிறும் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். திருட்டுக்கு நல்ல நேரம் பார்க்கத் தெரிந்த மனிதருக்கு இது மட்டும் உறுத்தவில்லை.

சுனிதா எழுந்தாள். ஆறு மணி நேரமாக உட்கார்ந்திருந்ததில் கால் மரத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புத் தாளை எடுத்து, தன் பெயரைப் பேனாவால் அழுத்தி அடித்தாள். தாளைக் கண்ணாவின் பக்கம் தள்ளினாள்.

"பேரை மட்டும் மாத்துங்க சார். மத்ததெல்லாம் நீங்க எழுதினதுதானே, கரெக்டா இருக்கும்."

கண்ணா ஜம்புவைப் பார்த்தார். ஜம்பு பேனாவை நீட்டினார்.

"மணி நாலு அம்பத்தெட்டு" என்றார் மேடம். "உங்க காலண்டர்படி நல்ல நேரம்தான். போடுங்கோ."

போட்டார். இரண்டு நிமிஷத்தில் போலீஸ் வந்தது. அவரைத்தான் அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஜம்பு எங்கள் மொபைல்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். "தப்பு என்னோடதும்மா" என்றார் கடைசியில். "நீ இப்போ வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்தாப் போதும்."

கதவு அகலத் திறந்திருந்தது. சுனிதா போகவில்லை. ஒயரை எடுத்துக் குனிந்து கம்ப்யூட்டரில் செருகினாள். வெங்கடேஸ்வரன், தான் எதையும் தொடாமலே, பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக்கொடுக்க, நாணு எடுத்த ஒன்பதையும் அவள் கேன்சல் செய்தாள். ஆறு மணிக்கு வருகிற ஆறு பேருக்கும் ஹோட்டல் விலைக்கே அறை கொடுக்கட்டும் என்று ஜம்பு சொன்னார். மீதி மூன்று. டெலிபோன் கீழே திரும்பி வந்தது. வந்த உடனே அடித்தது.

எடுத்தாள். எதிர்முனையில் ஒரு ஆண் குரல், நின்ற இடத்தில் எனக்கே கேட்டது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மூன்று ஹோட்டலில் இல்லை என்று கேட்டுவிட்டு, நாலாவதாகப் பேசுகிறவர்.

சுனிதா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு சார்" என்றாள். "மெதுவா வாங்க. ஏழு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."